கணினி கேள்வி-பதில்: இசட் டிரைவில் இருந்தால் பத்திரமா?

கேள்வி: எங்கள் அலுவலகத்தில் ஆறு கம்ப்யூட்டர்கள். நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் இணைத்து எல்லாரும் பகிரும் டிஸ்க் பெட்டி) ஒன்று வாங்கி, அதில் ஒரு ஷேர் (பகிர்வு ஃபோல்டர்) உருவாக்கி, ஆறிலும் இசட் டிரைவாக மேப் செய்திருக்கிறோம். தினமும் இரவு ஃபைல்கள் அதில் காப்பி ஆகின்றன. இரண்டு டிஸ்க் போட்டு ரெய்டு 1-உம் வைத்தாயிற்று. இனிக் கவலை இல்லைதானே?

பதில்: கவலை இருக்கிறது. ரெய்டு 1 என்ன செய்யும்? ஒரே தகவலை இரண்டு டிஸ்கிலும் எழுதும்; ஒரு டிஸ்க் செத்துப்போனால் இன்னொன்றை வைத்து வண்டியை ஓட்டும், அவ்வளவுதான். தவறுதலாக ஒரு ஃபோல்டரை அழித்தால் இரண்டு டிஸ்கிலும் சேர்ந்தே போய்விடும். அதை பேக்கப் கணக்கில் சேர்க்காதீர்கள்.

அதைவிட என்னைப் பயமுறுத்துவது அந்த இசட் டிரைவ். ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரேன்சம்வேர், பெரும்பாலும் நீங்கள் லாகின் செய்திருக்கும் யூசரின் உரிமையோடுதான் ஓடத் தொடங்கும். நீங்கள் எங்கெல்லாம் எழுத முடியுமோ அங்கெல்லாம் அதுவும் எழுதும். சி, டி என்று வரிசையாகப் போய் இசட் வரும்போது அது வேறு பெட்டியில் இருக்கிறது என்பது அதற்கு ஒரு பொருட்டே இல்லை. 2017 மே மாதம் பரவிய வான்னாக்ரை, விண்டோஸ் ஃபைல்களைப் பகிரப் பயன்படுத்தும் எஸ்எம்பி முறையின் பழைய முதல் பதிப்பில் இருந்த ஓட்டை வழியாகத்தான் ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவியது. அந்த ஓட்டையை அடைக்கும் பேட்ச்சை மைக்ரோசாஃப்ட் மார்ச்சிலேயே வெளியிட்டிருந்தது, போடாதவர்கள் மாட்டிக்கொண்டார்கள். ஆகவே நாஸில் எஸ்எம்பி 1 இயங்கினால் முதல் வேலையாக அணைத்துவிடுங்கள். ஆனால் மேப் செய்த டிரைவை நாசமாக்க எந்த ஓட்டையும் தேவையில்லை, கதவு திறந்தேதான் கிடக்கிறது.

சரி, என்ன செய்யலாம்? பேக்கப்புக்கென்று தனி ஷேர், தனி யூசர். அந்த யூசரின் பாஸ்வேர்டு பேக்கப் மென்பொருளுக்குள் மட்டும் இருக்கட்டும்; மற்ற யூசர்களுக்கு அங்கே எழுதும் உரிமை வேண்டாம், மேப்பும் வேண்டாம். இதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை, ஏனென்றால் கம்ப்யூட்டரின் அட்மின் உரிமையே எதிரி கைக்குப் போனால் அந்தப் பாஸ்வேர்டையும் தோண்டி எடுத்துவிடலாம். அதனால் நாஸுக்குள்ளேயே ஸ்னாப்ஷாட் போடுங்கள். பிடிஆர்எஃப்எஸ், இசட்எஃப்எஸ் போன்ற ஃபைல் சிஸ்டம்களில் இந்த வசதி உண்டு. குறிப்பிட்ட நேரத்தில் இருந்த நிலையை அப்படியே பிடித்து வைக்கும், பிறகு மாறியதற்கு மட்டும்தான் கூடுதல் இடம் எடுக்கும், ஷேர் வழியாக வருகிறவரால் அதைத் திருத்த முடியாது. ஒரு மாதத்துக்காவது வைத்திருங்கள், கெட்டுப்போனது சில சமயம் பல நாள் கழித்துத்தான் கண்ணில் படும். நாஸின் அட்மின் பாஸ்வேர்டு வேறு எங்கும் பயன்படுத்தாததாக இருக்கட்டும், அதை பிரவுசரில் சேமிக்காதீர்கள்.

எனக்கு இன்னும் பிடித்த வழி ஒன்று உண்டு. கம்ப்யூட்டர் நாஸில் போய் எழுதுவதற்குப் பதில், நாஸ் கம்ப்யூட்டரிடம் வந்து, படிக்கும் உரிமையோடு மட்டும், ஃபைல்களை எடுத்துக்கொண்டு போகட்டும். அப்போது கம்ப்யூட்டர் முழுதாகக் கெட்டாலும் நாஸின் சாவி அதனிடம் இருக்காது. அமைக்கக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும், ஆனால் ஆறு கம்ப்யூட்டர் இருக்கும் இடத்தில் ஒரு நாள் மெனக்கெடுவது தகும்.

அப்புறம், ஸ்னாப்ஷாட்டும் அதே டிஸ்கில்தான் இருக்கிறது. தீயோ திருடனோ வந்தால் எல்லாம் ஒன்றாகப் போகும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று வெளியிடத்தில் என்ற 3-2-1 கணக்கு இதற்காகத்தான். இரண்டு யூஎஸ்பி டிஸ்க் வாங்கி மாற்றி மாற்றி எடுத்து, ஒன்றை எப்போதும் கழற்றி வேறு கட்டடத்தில் வைத்தாலே போதும்.

கேள்வி: விண்டோஸில் ஒரு பேக்கப் ஸ்கிரிப்ட் எழுதினேன். நானே ஓட்டினால் வேலை செய்கிறது. டாஸ்க் ஷெட்யூலர் இரவில் ஓட்டும்போது இசட் டிரைவைக் காணோம் என்கிறது.

பதில்: மேப் செய்த டிரைவ் எழுத்து உங்கள் லாகினுக்கு மட்டுமே சொந்தம். இரவில் வேறு கணக்கில் ஓடும் வேலைக்கு இசட் என்று ஒன்று இருப்பதே தெரியாது. \\சர்வர்\ஷேர் என்று முழுப் பாதையையும் எழுதுங்கள், அந்த வேலை எந்தக் கணக்கில் ஓடுகிறதோ அதற்கு ஷேரில் உரிமை கொடுங்கள். எஸ்க்யூஎல் சர்வர் என்ற தரவுத்தள மென்பொருளின் பேக்கப்பிலும் இதே கதைதான், அங்கே உரிமை தேவைப்படுவது உங்களுக்கு அல்ல, அந்த சர்வீஸ் ஓடும் கணக்குக்கு.

கேள்வி: லினக்ஸ் சர்வர். நாஸை என்எஃப்எஸ் (லினக்ஸில் வழக்கமான நெட்வொர்க் பகிர்வு முறை) மூலம் மவுண்ட் செய்து, அதாவது ஒரு ஃபோல்டராக இணைத்து, தினமும் ஆர்சிங்க் (ஃபைல்களைப் பிரதி எடுக்கும் கட்டளை) ஓட்டுகிறேன். ஒரு நாள் காலையில் பார்த்தால் சர்வரின் சொந்த டிஸ்க் நிரம்பி எல்லாம் நின்றுவிட்டது. எப்படி?

பதில்: அன்று இரவு நாஸ் மவுண்ட் ஆகவில்லை. மவுண்ட் ஆகாவிட்டாலும் அந்த ஃபோல்டர் காலியாக அங்கேயே இருக்கும், ஆர்சிங்க் அதை நாஸ் என்று நம்பி உள்ளூர் டிஸ்கிலேயே எழுதித் தள்ளிவிட்டது. எனக்கும் இது நடந்திருக்கிறது. அதைவிட மோசம், டிஸ்க் பெரிதாக இருந்ததால் நிரம்பவில்லை, மூன்று வாரம் பேக்கப் ஒழுங்காகப் போகிறது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஸ்கிரிப்டின் தொடக்கத்தில் மவுண்ட்பாயிண்ட் கட்டளையால் சோதித்து, இல்லையென்றால் அங்கேயே நிறுத்தி உங்களுக்கு மெயில் அனுப்பச் சொல்லுங்கள். கூடவே, மவுண்ட் இல்லாத நேரத்தில் அந்தக் காலி ஃபோல்டரை சாட்டர் கட்டளையால் மாற்ற முடியாததாக்கிவிட்டால், முழு உரிமை கொண்ட ரூட் யூசர்கூட அதில் ஃபைல் உருவாக்க முடியாது. ஏற்கெனவே எழுதப்பட்டவை நாஸ் மவுண்ட் ஆனதும் அதன் அடியில் மறைந்துவிடும், கண்ணுக்குத் தெரியாமல் இடத்தை மட்டும் அடைத்துக்கொண்டிருக்கும்; மவுண்டைக் கழற்றிப் பார்த்து அழியுங்கள்.

ஆர்சிங்க்கில் டிலீட் விருப்பம் போட்டிருக்கிறீர்களா? அப்படியானால் மூல ஃபோல்டரையும் சோதியுங்கள். மூலம் காலியாகத் தெரிந்தால், பேக்கப்பையும் அது காலியாக்கிவிடும். என்எஃப்எஸ் மவுண்டில் சாஃப்ட் என்ற விருப்பத்தையும் பேக்கப்புக்குத் தவிர்த்துவிடுங்கள். நெட்வொர்க் தடுமாறினால் அதற்கு மாற்றான ஹார்டு விருப்பம் காத்திருக்கும், சாஃப்ட் பாதியில் பிழை சொல்லிக் கைவிடும், அந்தப் பிழையை மென்பொருள் கவனிக்காவிட்டால் அரைகுறை ஃபைல் மிஞ்சும்.

கேள்வி: 1 டெராபைட் முதல் பேக்கப் ஒரு நாளைத் தாண்டியும் ஓடிக்கொண்டிருக்கிறது. நாஸ் பழுதா?

பதில்: கேபிளைப் பாருங்கள். கிகாபிட் இணைப்பில் நொடிக்கு 110 மெகாபைட் அளவுக்குப் போகும், 1 டெராபைட்டுக்கு இரண்டரை மணி நேரம். கிகாபிட்டுக்குக் கேபிளின் நான்கு ஜோடிக் கம்பிகளும் வேண்டும். ஒன்று அறுந்தாலும் இணைப்பு சத்தமில்லாமல் 100 மெகாபிட்டுக்கு இறங்கிவிடலாம், அப்போது அதே வேலைக்கு 25 மணி நேரம். கேபிள் சரியாக இருந்தால், லட்சக்கணக்கில் சின்னச் சின்ன ஃபைல்கள் இருக்கின்றனவா என்று பாருங்கள். ஒவ்வொன்றையும் திறந்து, எழுதி, மூடுவதற்கு நெட்வொர்க்கில் பல முறை போய்வர வேண்டும். ரெஸ்டிக், போர்க் போன்ற பேக்கப் மென்பொருள்கள் சிறு துண்டுகளைப் பெரிய பொதிகளாகக் கட்டி அனுப்புவதால் இந்தச் சிக்கல் குறையும்.

கேள்வி: பேக்கப் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது? ஒவ்வொரு நாளும் பச்சை டிக் வருகிறது.

பதில்: பச்சை டிக் எழுதி முடித்ததைச் சொல்கிறது. திரும்ப எடுக்க முடியுமா என்பதை எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். மாதம் ஒரு முறை ஏதாவது ஒரு ஃபோல்டரை வேறு கம்ப்யூட்டரில் ரீஸ்டோர் செய்து, உள்ளே இருப்பதைத் திறந்து பாருங்கள். முழு சிஸ்டம் இமேஜ் எடுப்பவர்கள் மீட்பு யூஎஸ்பி-யில் பூட் செய்து, அங்கிருந்து நாஸின் ஷேர் தெரிகிறதா என்றும் பார்க்க வேண்டும். அந்தச் சூழலில் நெட்வொர்க் கார்டுக்கு டிரைவர் இல்லாமல் தவித்தவர்கள் உண்டு. அப்படி பூட் செய்ததும் அது நாஸின் பாஸ்வேர்டைக் கேட்கும், பேக்கப்பை என்க்ரிப்ட் செய்திருந்தால் அந்தச் சாவியையும் கேட்கும். பாஸ்வேர்டும் சாவியும் அந்தச் செத்துப்போன கம்ப்யூட்டரில் மட்டும் இருந்தால் எதுவும் செய்ய முடியாது. இன்றைக்கே ஒரு தாளில் எழுதி, நாஸ் இல்லாத வேறொரு இடத்தில் வைத்துவிடுங்கள்.