கேம் வழியாகக் கருத்து சொல்ல முடியுமா?

கேள்வி: போர் எதிர்ப்பு, சமத்துவம் போன்ற கருத்துகளை வீடியோ கேம் உண்மையிலேயே மனதில் பதிய வைக்குமா? நண்பர்கள் சேர்ந்து ஒரு சிறிய கேம் செய்ய நினைக்கிறோம்.

பதில்: பதிய வைக்கும். ஆனால் கருத்தை வசனத்தில் வைத்தால் ஆடுபவர் ‘ஸ்கிப்’ அழுத்திவிட்டுப் போய்விடுவார். எதைச் செய்தால் லாபம், எதைச் செய்தால் நஷ்டம் என்ற விதிகளில்தான் அது இருக்க வேண்டும்.

லூக்காஸ் போப் 2013-இல் வெளியிட்ட ‘பேப்பர்ஸ், ப்ளீஸ்’ கேமைப் பாருங்கள். நீங்கள் ஒரு சர்வாதிகார நாட்டின் எல்லைச் சாவடி அதிகாரி. எத்தனை பேரின் ஆவணங்களைச் சரிபார்க்கிறீர்களோ அதற்கேற்பச் சம்பளம். ஒரு நாளில் முதல் இரண்டு தவறுகளுக்கு எச்சரிக்கை, அதற்குமேல் அபராதம். மிஞ்சும் பணத்தில்தான் வாடகை, சாப்பாடு, மருந்து எல்லாம். கணவனை உள்ளே விட்ட பிறகு, உரிய அனுமதி இல்லாத மனைவி வந்து நிற்கிறாள். ‘சர்வாதிகாரம் தீயது’ என்று யாரும் உபதேசிப்பதில்லை. சாதாரண மனிதர்கள் அப்படியோர் அரசுக்கு எப்படித் துணைபோகிறார்கள் என்பது, அவளைத் திருப்பி அனுப்பும் அந்த நொடியில் உறைக்கிறது. எந்தச் சொற்பொழிவாலும் இதைச் செய்ய முடியாது.

நீங்கள் உடனே கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டாம். உங்கள் கருத்தை ‘இப்படிச் செய்தால் இப்படி ஆகும்’ என்று ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். எழுத வரவில்லையா? அந்தக் கருத்துக்குக் கட்டுரையே போதும். வந்தால், காகித அட்டைகளில் விளையாட்டாக்கி, விஷயம் தெரியாத நாலைந்து பேரை ஆடவிடுங்கள். குறுக்கே பேசாதீர்கள். முடிந்ததும் ‘என்ன புரிந்தது?’ என்று கேட்டால் உங்களுக்குப் பிடித்த பதிலைத்தான் சொல்வார்கள். ‘ஜெயிக்க என்ன செய்தீர்கள்?’ என்று கேளுங்கள். பகிர்ந்து வாழச் சொல்லும் கேமில் பதுக்கியவர் ஜெயித்திருந்தால், அவர் கற்றது பதுக்கலைத்தான். இன்னொரு வழக்கமான கோளாறு: நல்ல முடிவெடுக்க எந்த இழப்பும் இல்லாமல் வைப்பது. இழப்பே இல்லாத இடத்தில் ஆடுபவர் யோசிப்பதே இல்லை.

கேள்வி: மதக் கருத்துகளுக்கும் இது பொருந்துமா?

பதில்: அங்கே கூடுதல் கவனம் வேண்டும். பிரார்த்தனைக்குப் புள்ளி கொடுத்தால் பக்தி வியாபாரமாகிவிடும். 2016-இல் வந்த ‘தட் டிராகன், கேன்சர்’, புற்றுநோயில் இறந்த மகனைப் பற்றி அவனுடைய கிறிஸ்தவப் பெற்றோர் பங்கேற்று உருவாக்கியது. எந்தப் பட்டனை அழுத்தினாலும் பிள்ளையைக் காப்பாற்ற முடியாது. நம்பிக்கையோடு சந்தேகத்துக்கும் அதில் இடம் கொடுத்திருக்கிறார்கள். அதனால்தான் அந்த நம்பிக்கை பொய்யாகத் தெரிவதில்லை.