மாதத்தைக் கேட்காதீர்கள், பதத்தைக் கேளுங்கள்

கேள்வி: ஏற்காடு மலையில் ஒன்றரை ஏக்கரில் சாமையும், கொஞ்சம் காப்பி, மிளகும் வைத்திருக்கிறேன். மழை முன்னே பின்னே வருவதால் அப்பா காலத்து விதைப்புக் கணக்கு ஒத்துவரவில்லை. ஊரில் பதினைந்து பேர் சேர்ந்து பெரியவர்களுக்குத் தெரிந்ததைத் தொகுத்துப் பகிரலாம் என்று இருக்கிறோம். பொய்த்த கணக்கைப் பகிர்ந்து என்ன பயன் என்று சிலர் கேட்கிறார்கள். எங்கே தொடங்குவது?

பதில்: பொய்த்தது பாதிக் கணக்குதான். "வைகாசி கடைசியில் சாமை விதை" என்று சொன்னவர் காலண்டரை மட்டும் பார்த்து விதைத்ததில்லை. மம்மட்டியால் ஒரு கொத்துக் கொத்தி, அடிமண்ணை அள்ளிப் பிடித்துப் பார்ப்பார். உருண்டை பிடித்து, கீழே போட்டதும் உதிர்ந்தால் பதம். விரலில் அப்பினால் இரண்டு நாள் பொறுக்க வேண்டும். உருண்டையே சேரவில்லையென்றால் அடுத்த மழைக்குக் காத்திருக்க வேண்டும். மழை எந்த மாதம் வந்தாலும் இந்தச் சோதனை செல்லும். அதனால் "எப்போது விதைப்பீர்கள்" என்பதை விட்டு, "எதைப் பார்த்து விதைப்பீர்கள்" என்று கேளுங்கள். திண்ணையில் வேண்டாம், சாமைக் காட்டுக்கே கூட்டிப்போய்க் கேளுங்கள். மண்ணைக் கையில் எடுத்தால்தான் பாதி விஷயம் வாயில் வரும்.

அப்புறம் அளவு. பெரியவர்கள் "ஒரு உழவு மழை" என்பார்கள். ஏர் இறங்கும் அளவுக்கு மண் நனைந்த மழை. வானிலை அறிவிப்போ மில்லிமீட்டரில் வருகிறது. இரண்டையும் நீங்களே இணைத்துவிடலாம். மேலும் கீழும் ஒரே அகலமுள்ள ஒரு டப்பாவை, மரமும் கூரையும் மறைக்காத இடத்தில் வையுங்கள். தினமும் காலை 8.30 மணிக்கு நீரின் உயரத்தை ஸ்கேலால் அளந்து நோட்டில் எழுதுங்கள். வாய் எவ்வளவு அகலம் என்பது பொருட்டில்லை, 1 மி.மீ. உயரம் என்றால் சதுர மீட்டருக்கு 1 லிட்டர் மழை. பக்கத்திலேயே "உழவு மழைதான்" அல்லது "போதாது" என்று பெரியவர் சொன்னதையும் குறியுங்கள். இரண்டு பருவத்தில் உங்கள் சரிவுக்கான கணக்கு தெளிந்துவிடும். செவ்வாய், வெள்ளிதோறும் வரும் வேளாண் வானிலை அறிவிப்பும் அதன்பிறகு உங்களுக்குப் பேசும்.

காப்பிக்கும் இந்த நோட்டு உதவும். பூ மழை பெய்து ஒன்பது பத்து நாளில் பூ விரியும். அடுத்த சில வாரங்களில் இன்னொரு மழை வேண்டும். இரண்டு மழைத் தேதிகளும் கையில் இருந்தால், காய் எங்கே குறைந்தது என்று ஊகிக்க வேண்டியதில்லை.

விதையைப் பற்றிப் பெண்களைக் கேளுங்கள். சாமை விதையை நொச்சி இலையோடு பானையில் கட்டி வைப்பவர்கள் பெரும்பாலும் அவர்கள்தான். ஒரு படி கொடுத்து, அறுவடைக்குப் பின் இரண்டு படி வாங்கும் ஏற்பாடு நன்றாக ஓடும். சட்டத்தைப் பற்றிப் பயம் வேண்டாம்: 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டம் விதையைச் சேமிக்க, மாற்றிக்கொள்ள, விற்க விவசாயிக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை பிராண்டுப் பெயர் போட்டு விற்கத்தான் கூடாது.

வாட்ஸ்அப்பில் பகிர்வதானால் ஒரு நிமிடக் குரல் பதிவு போதும். சொல்பவர் யார், எந்தச் சரிவு, எதைப் பார்த்தார், எந்த வருஷம் பொய்த்தது என்ற நான்கும் அதில் இருக்கட்டும். ஏற்காட்டிலேயே நாகலூரில் பலித்த குறி மஞ்சக்குட்டையில் பலிக்காமல் போகலாம். பொய்த்த வருஷத்தை மறைக்காமல் சொல்பவரின் பதிவைத்தான் நான் முதலில் நம்புவேன்.

மருந்துச் செடி பற்றிச் சொல்ல ஒரு குடும்பத்துக்கு விருப்பமில்லையென்றால் வற்புறுத்தாதீர்கள். யாருடைய குரலைப் பதிவதானாலும், எங்கெல்லாம் போகும் என்று முன்கூட்டியே சொல்லிக் கேட்டுக்கொள்ளுங்கள்.