வாசகர் கேள்வி–பதில்: மண்ணிலிருந்து கிளம்பும் நைட்ரஜன் ஆக்சைடுகள்

கேள்வி: வாகனப் புகையிலுள்ள நைட்ரஜன் ஆக்சைடு வயலிலிருந்தும் வருமாமே, எப்படி?

பதில்: வரும். உரத்திலுள்ள அமோனியத்தை பாக்டீரியாக்கள் நைட்ரைட்டாகவும், பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றும்போது நடுவில், வாகனப் புகையிலும் உள்ள நைட்ரிக் ஆக்சைடு கசிகிறது. எந்த வாயு அதிகம் என்பதைப் பெரும்பாலும் ஈரம்தான் முடிவு செய்யும். மண் துளைகளில் பாதியளவு நீர் இருந்தால் நைட்ரிக் ஆக்சைடு மிகும். 60 முதல் 80 சதவீதம் நிறைந்தால் ஆக்சிஜன் குறைந்து, வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டைச் சிதைத்து நைட்ரஸ் ஆக்சைடு என்ற வேறொரு வாயுவை வெளியேற்றும். அதற்கும் மேல் போனால் பெரும்பகுதி வெறும் நைட்ரஜனாகிவிடும். காய்ந்த மண்ணில் மழை விழுந்ததும் வாயு திடீரெனப் பொங்கும். வாரம் ஒருமுறை மட்டும் அளப்பவர்கள் இதைத் தவறவிடுகிறார்கள்.

கேள்வி: காட்டு மண்ணிலும் இப்படியா?

பதில்: ஆம். ஆனால் மேலே எழும் வாயுவில் ஒரு பங்கை இலைகளே ஈர்த்துக்கொள்கின்றன.

கேள்வி: 100 கிலோ யூரியாவில் எவ்வளவு போகும்? குறைக்க வழி?

பதில்: அதில் நைட்ரஜன் 46 கிலோ. பொதுக் கணக்கீட்டின்படி அதில் 1 சதவீதம், அதாவது 0.46 கிலோ, நைட்ரஸ் ஆக்சைடாகும். ஆக்சிஜனும் சேர்வதால் வாயுவின் எடை சுமார் 0.72 கிலோ. நூறாண்டு கணக்கில் அது கார்பன் டை ஆக்சைடைவிட 273 மடங்கு வெப்பமூட்டுவதால், ஏறத்தாழ 197 கிலோவுக்குச் சமம்! சிறிய இழப்பென்று ஒதுக்க முடியாது. உரத்தை ஒரேயடியாகக் கொட்டாமல், பயிர் வேகமாக வளரும் கட்டங்களில் பிரித்து இடுங்கள். கனமழைக்கு முன் இடவே வேண்டாம். நைட்ரேட்டாவதைத் தாமதப்படுத்தும் தடுப்பான் கலந்த உரமும் நன்கு உதவும்.