கம்பெனி சம்பளமும் மல்லாட்டைக் கொல்லையும்

கேள்வி: வந்தவாசி பக்கம் எங்களுக்குக் கிணற்றுப் பாசனத்தில் இரண்டு ஏக்கர். மூன்று வருடமாக வீட்டுக்காரர் ஒரகடத்தில் கம்பெனி வேலைக்குப் போகிறார். அவர் கூட நின்றவரை ஏக்கருக்கு 20 மூட்டை மல்லாட்டை (நிலக்கடலை) எடுத்தோம். போன பட்டத்தில் 13தான், அதிலும் பருப்பில்லாத பொக்கு நிறைய. ஆள் கிடைக்காமல் முதல் களையே 35ஆம் நாள் எடுத்தேன். சம்பளம் வந்ததும் ஜிப்சம் வாங்கிப் போட்டு 55ஆம் நாள் இரண்டாவது கொத்து. 'உடையவன் பாராத பயிர் உருப்படாது, வேலையை விட்டுட்டு வரச் சொல்லு' என்கிறார் மாமியார். விட்டுவிடலாமா?

பதில்: அன்புள்ள சகோதரி, வேலையை விட வேண்டாம். 2018-19இல் தேசிய மாதிரி ஆய்வு எடுத்த கணக்கில், நம் நாட்டு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் கூலியாகவும் சம்பளமாகவும் வந்தது 4,063, பயிரில் நின்றது 3,798. நிலம் வைத்திருக்கும் வீடுகளே இன்று வெளிவேலையையும் நம்பித்தான் ஓடுகின்றன. உங்கள் வீடு ஒன்றும் விதிவிலக்கு இல்லை.

சரி, ஏழு மூட்டை எங்கே போனது? உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. ஆள் குறைந்ததைவிட நாள் தவறியதுதான் அடித்திருக்கிறது. 40ஆம் நாள் வாக்கில் ஒரு செடியருகே உட்கார்ந்து பாருங்கள். பூ வாடிய இடத்திலிருந்து ஊசி மாதிரி விழுது கிளம்பி மண்ணைத் தேடி இறங்கும். மண் இறுகிக் கிடந்தால் அந்தரத்திலேயே காய்ந்துவிடும். அதனால்தான் 20 நாளில் முதல் களை, 40-45க்குள் ஏக்கருக்கு 160 கிலோ ஜிப்சம் போட்டு, செடியடியில் மண்ணைக் கூட்டும் மண் அணைப்பு என்கிறார்கள். அதற்குமேல் கொத்து போடவே கூடாது. நீங்கள் 55இல் கொத்தியபோது இறங்கிய விழுதுகளே அறுந்திருக்கும். பிஞ்சு தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தை மண்ணிலிருந்து நேராக எடுத்துக்கொள்ளும். ஜிப்சம் கொடுக்கும் அந்தச் சத்து நேரத்துக்குக் கிடைக்காவிட்டால் காய் பொக்காகும்.

சம்பளம் கொல்லைக்கு எதிரி இல்லை. நகையை அடகு வைக்காமல் விதை வாங்கலாம். அறுத்த கையோடு வியாபாரி கேட்ட விலைக்குத் தள்ளாமல், காயவைத்து ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்குக் கொண்டுபோகலாம். ஆனால் இதெல்லாம் பணம் உங்கள் கைக்கு வந்தால்தான் நடக்கும். நான் பார்த்த பல வீடுகளில் சம்பளம் வண்டித் தவணைக்கும் சீட்டுக்கும் போய், மிச்சம் இருந்தால்தான் கொல்லைக்கு. இது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தரும் விஷயம். பாடுபடுவது நீங்கள், ஜிப்சத்துக்குக் காசு கேட்டு நிற்பதும் நீங்கள். விதைப்புக்கு முன்பே களைக்கூலியையும் ஜிப்சம் பணத்தையும் தனியாக எடுத்து உங்களிடம் தந்துவிடச் சொல்லுங்கள். எந்த நாளில் எத்தனை ஆள் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள்.

இன்னொன்று, இரண்டு ஏக்கரையும் ஒரே நாளில் விதைக்காதீர்கள். பத்து நாள் இடைவெளி விட்டால் களையும் பத்து நாள் தள்ளி வரும், இருக்கிற நாலு ஆளை வைத்தே சமாளிக்கலாம்.

அப்புறம் மாமியாரிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: 'அத்தை, பாக்குறதுக்கு உடையவள் நான் இருக்கேன்.' விதைத்த அன்றே இரண்டு ஏக்கருக்கும் தனித்தனியாக 20ஆம் நாளையும் 40ஆம் நாளையும் காலண்டரில் சுழித்து வையுங்கள். மண் அணைக்கிற அந்த இரண்டு நாளுக்கு மட்டும் வீட்டுக்காரர் இப்போதே லீவு சொல்லி வைக்கட்டும்.