‘ஏ.எஸ்.’ என்று வந்தால் கல்யாணத்தை நிறுத்த வேண்டுமா?

கேள்வி: நீலகிரியில் பந்தலூர் பக்கம் பணியர் பழங்குடிக் குடும்பம் நாங்கள். முகாமில் என் தங்கைக்கு ரத்தம் எடுத்துப் பார்த்து ‘சிக்கிள் செல் ஏ.எஸ்.’ என்று அட்டை கொடுத்தார்கள். இப்போது கல்யாணம் பேசியிருக்கிறோம். மாப்பிள்ளையும் எங்கள் ஆட்கள்தான். அவரிடம் ‘சிக்கிள் நெகட்டிவ்’ என்ற சீட்டு இருக்கிறது. ஆனாலும் அவர் வீட்டில், பெண்ணுக்கு ரத்தத்தில் நோய் என்று இழுக்கிறார்கள். டவுனில் ஒருவர் ஒன்பதாயிரம் ரூபாய்க்கு டி.என்.ஏ. டெஸ்டும், ரத்தம் சுத்தமாக ஆறு மாத மருந்தும் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: அந்த ஆளுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். உங்கள் தங்கைக்கு நோய் இல்லை.

ஹீமோகுளோபினைச் செய்யச் சொல்லும் மரபணுவில் ஒன்று அம்மாவிடமிருந்தும் ஒன்று அப்பாவிடமிருந்தும் வருகிறது. உங்கள் தங்கைக்கு ஒன்று வழக்கமான ‘ஏ’, இன்னொன்று ‘எஸ்’. இரண்டுமே ‘எஸ்’ என்று வந்தவர்களுக்குச் சிவப்பணு அரிவாள் போல வளைந்து, மூட்டு வலி, ரத்தசோகை என்று படுத்தும்; அதுதான் சிக்கிள் செல் நோய். ஏ.எஸ். உள்ளவர் ஆயுசு முழுக்க ஏ.எஸ்.தான், அது முற்றி நோயாக மாறாது. வேலை செய்யலாம், பிள்ளை பெறலாம். மாப்பிள்ளைக்கு இரண்டுமே ‘ஏ’ என்றால், பிறக்கும் குழந்தைக்கு இந்த நோய் வராது. தங்கையைப் போல ஏ.எஸ்.ஆகப் பிறக்கப் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு, அவ்வளவுதான். இருவருமே ஏ.எஸ். என்றிருந்தால் கதை வேறு. அப்போது ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒரு பங்கு நோய்க்கு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, இனி மூன்று பேருக்குப் பயமில்லை என்று கணக்குப் போடுகிறார்கள். அது தவறு.

சரி, மாப்பிள்ளை சீட்டுக்கு வருவோம். இங்கேதான் நீங்கள் கவனமாக இருக்க வேண்டும். ‘சிக்கிள் நெகட்டிவ்’ என்பது பெரும்பாலும் முகாமில் செய்யும் கரைசல் சோதனையின் முடிவு. குழாயில் ரத்தத்தைக் கலந்து, கலங்குகிறதா தெளிவாக இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ‘எஸ்’ இருக்கிறதா என்பதை மட்டும்தான் அது சொல்லும். பீட்டா தலசீமியா என்று இன்னொரு மரபணுக் கோளாறு இருக்கிறது. ஒருவரிடம் அது ஒற்றையாக இருந்தால் அவருக்கு ஒரு தொந்தரவும் தெரியாது, கரைசல் சோதனையிலும் சிக்காது. ஆனால் அப்பாவிடமிருந்து அதுவும் அம்மாவிடமிருந்து ‘எஸ்’ஸும் ஒரே குழந்தைக்கு வந்து சேர்ந்தால், அந்தக் குழந்தைக்கும் சிக்கிள் செல் நோய்தான். அதற்கும் நான்கில் ஒரு பங்கு வாய்ப்பு. என்னிடம் வந்த ஒரு தம்பதி இப்படித்தான். அவள் ஏ.எஸ்., அவர் ‘நெகட்டிவ்’. இரண்டு வயதில் குழந்தை கைகால் வீங்கி அழுதபோதுதான் அப்பாவின் தலசீமியா வெளியே வந்தது. கல்யாணத்துக்கு முன்பே ஒரு சோதனை செய்திருந்தால் தெரிந்திருக்கும். யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை.

அந்தச் சோதனையின் பெயர் எச்.பி.எல்.சி., ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளப்பது. மாப்பிள்ளைக்கு அதைச் செய்யச் சொல்லுங்கள், கூடவே ரத்த அணுக்களின் முழு எண்ணிக்கையும். அறிக்கையில் ‘ஏ2’ என்ற வரி இருக்கும். அது மூன்றரை சதவீதத்துக்கு மேல் போயிருந்தால் தலசீமியா மரபணு இருக்கலாம், கட்டாயம் டாக்டரிடம் காட்டிப் பேச வேண்டும். சமீபத்தில் அவருக்கு ரத்தம் ஏற்றியிருந்தால் அதை லேபில் முதலிலேயே சொல்லிவிடுங்கள்; அப்போது முடிவு குழம்பும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் இந்த வசதி இல்லை என்பார்கள். இல்லை என்று கேட்டுக்கொண்டு திரும்பி வராதீர்கள். மேல் பரிசோதனைக்கு எழுதிக் கொடுங்கள் என்று கேளுங்கள், கொடுக்கும் வரை உட்காருங்கள். கூடலூர் ஆதிவாசி மருத்துவமனைக்கும் இந்த நோயில் பல வருட அனுபவம் உண்டு, அங்கேயும் விசாரிக்கலாம். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய சிக்கிள் செல் ஒழிப்புத் திட்டத்தில் ஏழு கோடிப் பேரைச் சோதிப்பது இலக்கு. எத்தனை பேரிடம் ரத்தம் எடுத்தோம் என்ற எண்ணிக்கை மேலே போய்க்கொண்டே இருக்கிறது. எடுத்தவரை உட்கார வைத்து, இந்த இரண்டு எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று பத்து நிமிடம் சொல்ல ஆள் இல்லை. அந்தப் பத்து நிமிடம் கிடைத்திருந்தால் நீங்கள் எனக்கு எழுதியே இருக்க மாட்டீர்கள். அட்டையை நீட்டி அனுப்பிவிடும் இடத்தில்தான் டவுன் ஆள் வந்து நிற்கிறார்.

அவர் விற்கும் இரண்டையும் பார்ப்போம். மரபணுவில் உள்ள எழுத்தை எந்த லேகியமும் மாற்றாது. ‘ரத்த சுத்தி’ என்று தரும் பொடிகளில் உலோகம் கலந்திருந்தால் சிறுநீரகம் போகும். டி.என்.ஏ. டெஸ்ட் எடுத்து நீங்கள் எந்த இனம் என்று தாளில் தருகிறேன், சாதிச் சான்றிதழுக்கு உதவும் என்றும் சிலர் இழுப்பார்கள். எந்த ஆர்.டி.ஓ. அலுவலகத்திலும் அது செல்லாது. மரபணு இனத்துக்கு முத்திரை குத்துவதில்லை. நீலகிரிப் பழங்குடிகளிடம் ‘எஸ்’ இருப்பதை 1952இல் லேமன், கட்புஷ் என்ற ஆய்வாளர்கள் எழுதினார்கள். ஆனால் அதே ‘எஸ்’ வயநாடன் செட்டி மக்களிடம் உண்டு, ஒடிசாவில் உண்டு, குஜராத்தில் உண்டு, சவுதியின் கிழக்குப் பகுதியிலும் ஆப்பிரிக்காவிலும் உண்டு. மலேரியா கொன்று தீர்த்த இடங்களில் ஒற்றை ‘எஸ்’ வைத்திருந்தவர்கள் அதிகம் பிழைத்தார்கள், அதனால் அது தங்கிவிட்டது. மாப்பிள்ளை வீட்டாரிடம் இதைச் சொல்லுங்கள். அது ரத்தத்தில் உள்ள குறை இல்லை; உங்கள் பாட்டன் பூட்டன் காட்டுக்காய்ச்சலைத் தாண்டி வந்ததற்கு அது ஒரு காரணம்.

இன்னொரு தரகர் கூட்டம், ஏ.எஸ்.ஸுக்கு ஊனமுற்றோர் சான்றிதழ் வாங்கித் தருகிறேன் என்று வரும். 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் சிக்கிள் செல் நோய் சேர்ந்திருக்கிறது என்பது உண்மை. அது நோய் உள்ளவர்களுக்கு. உங்கள் தங்கைக்குப் பொருந்தாது, பணம் வாங்கினால் ஏமாற்று.

தங்கைக்குச் சோர்வு இருந்தால் ஏ.எஸ். மேல் பழி போட்டு விட்டுவிடாதீர்கள். ஏ.எஸ். ரத்தசோகை தராது. இரும்புச்சத்து குறைந்திருக்கலாம், அதைத் தனியாகப் பார்க்க வேண்டும்.

மாப்பிள்ளையின் எச்.பி.எல்.சி.யில் எல்லாம் சரி என்று வந்தால் தேதி குறியுங்கள். ஏதாவது இருந்தாலும் கல்யாணத்தை உடைக்க வேண்டியதில்லை. கர்ப்பமான பத்து, பன்னிரண்டு வாரத்திலேயே கருவைச் சோதிக்க வழி இருக்கிறது. கர்ப்பம் என்று தெரிந்த முதல் வாரமே இருவரின் சீட்டுகளையும் எடுத்துக்கொண்டு நர்ஸிடம் போகச் சொல்லுங்கள். அட்டை மழையில் நனைந்து அழிந்துபோகும், போனில் ஒரு படம் எடுத்து வைத்திருங்கள்.