டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் புதிய இனங்கள்: கேள்வி பதில்

கேள்வி: எங்கள் குழுவில் ஒருவர் பல்லி மனிதனாக ஆட விரும்புகிறார். மூத்தவர்கள், "மனிதர், கூர்காது எல்ஃப், குள்ளர் போதும்" என்று மறுக்கிறார்கள். யார் சொல்வது சரி, அண்ணா?

பதில்: அவரை ஆட விடுங்கள். ஆளுக்கொரு கற்பனைக் கதாபாத்திரமாகி, பகடை உருட்டிக் கதை வளர்க்கும் ஆட்டம்தானே இது. 2008இல் நான்காம் பதிப்பின் முதல் கையேட்டில் டிராகன் உருவ மனிதரான டிராகன்பார்னும் கொம்புள்ள டீஃப்ளிங்கும் நுழைந்து, சிறிய உருவமுள்ள நோமுக்கு இடமில்லாமல் போனபோதும் இதே மனத்தாங்கல்தான். இப்போது அந்த இரண்டையும் யாரும் அந்நியமாகப் பார்ப்பதில்லை. 2016 விதிகளின்படி, பல்லி மனிதன் சிறு ஓய்வில் கொன்ற விலங்கின் எலும்பிலும் தோலிலும் கேடயமோ எறியீட்டியோ செய்யலாம். சண்டை முடிந்து மற்றவர்கள் காயத்துக்குக் கட்டுப் போடும்போது இவர் ஓநாயின் தோலை உரித்துக்கொண்டிருப்பார். குழுவின் பூசாரி அதைத் தடுப்பாரா, பார்க்காததுபோல் இருந்துவிடுவாரா? அங்கே கதை பிறக்கிறது. ஆனால் ஊர்க்காரர்கள் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்காவிட்டால் செதிலும் வாலும் வெறும் வேஷம்தான். அந்தப் பொறுப்பு ஆட்டம் நடத்துபவருடையது.

கேள்வி: முதல் நிலையிலேயே பறக்கும் பறவை மனிதரான ஆரகோக்ராவை அனுமதிக்கலாமா?

பதில்: அனுமதிக்கலாம். 2015இல் 50 அடியாக இருந்த பறக்கும் வேகம் 2022 திருத்தத்தில் நடை வேகத்துக்கு இறங்கிவிட்டது. பறக்கும்போது கீழே தள்ளப்பட்டால் விழுவார். விழும் ஒவ்வொரு 10 அடிக்கும் ஓர் ஆறுமுகப் பகடையை உருட்டி, வரும் எண்ணளவு சேதம். எதிரிகளிடம் வில் இருக்கட்டும்.

கேள்வி: காக்கை மனிதரான கெங்குவுக்குப் பேச்சைத் திருப்பிக் கொடுத்தது நல்லதா, கெட்டதா?

பதில்: எனக்கு அதில் வருத்தம்தான். 2016இன் கெங்குவால் சொந்தமாகப் பேச முடியாது. கேட்ட ஒலிகளைத் திருப்பிச் சொல்லத்தான் முடியும். அதனால் நன்றாக ஆடுபவர் மற்றவர்கள் பேசுவதைக் கூர்ந்து கேட்பார். காவலர் தலைவன் காலையில் சொன்ன "கதவைத் திற" என்பதைக் குறித்துவைத்து, இரவில் அதே குரலில் சொல்லிக் கோட்டைக்குள் நுழைவார். வேறெந்த இனத்திலும் இந்தச் சுவையை நான் கண்டதில்லை. ஆனால் கூச்சமுள்ளவர்கள் இந்த விதியால் மூன்று மணி நேர ஆட்டத்தில் வாயே திறக்காமல் உட்கார்ந்திருந்ததும் உண்டு. 2022இல் அந்தத் தடை நீங்கியதற்கு அவர்கள் நன்றி சொல்வார்கள். விரும்புபவர் பழைய விதியில் ஆடட்டும், யாரையும் கட்டாயப்படுத்த வேண்டாம்.

கேள்வி: இனத்துக்கேற்ற திறன் புள்ளிகளை எடுத்துவிட்டார்களே, இனி எல்லா இனமும் ஒன்றுதானே?

பதில்: இல்லை ஐயா. 2016இல் முரட்டு இனமான ஓர்க்குக்கு அறிவில் இரண்டு புள்ளி குறைத்தார்கள். ஓர்க் மந்திரவாதி அரிதானதைத் தவிர அதனால் கண்ட பலன் ஏதுமில்லை. 2024 கையேட்டில் திறன் புள்ளிக் கூட்டல்கள் இனத்திலிருந்து கதாபாத்திரத்தின் பின்னணிக்குப் போய்விட்டன. அதை வரவேற்கிறேன். அரை எல்ஃப் அந்தக் கையேட்டில் இல்லாததுதான் உண்மையான இழப்பு. இரண்டு குலத்திலும் ஒட்டாதவர்களாகத் தங்களை உணர்பவர்கள் விரும்பி எடுத்த இனம் அது.

கேள்வி: புதிதாக ஆட வருகிறேன். ஏதாவது ஓர் இனம் சொல்லுங்கள்.

பதில்: வார்ஃபோர்ஜ்ட். 2004இல் எபரான் என்ற கற்பனை உலகத்தோடு வந்த இனம். போருக்கென்றே செய்யப்பட்ட உயிர்கள். போர் முடிந்துவிட்டது, இனி என்ன செய்வது என்ற கேள்வியோடுதான் உங்கள் கதாபாத்திரம் தொடங்கும். உணவு, உறக்கம், மூச்சு எதுவும் தேவையில்லை என்பதால் விதிகளும் எளிது.

கேள்வி: கூழ்போன்ற உடலுள்ள பிளாஸ்மாய்டு ஓர் அங்குல இடுக்கில் நுழையும்போது வாளையும் கொண்டுபோகலாமா?

பதில்: முடியாது. எதையும் அணியாமல், ஏந்தாமல் இருந்தால்தான் நுழையலாம். வாளை நண்பரிடம் கொடுத்துவிட்டுப் போங்கள்.