மனச்சோர்வில் இருக்கும் தம்பிக்கு போனில் ஒரு ஆப் போட்டுக் கொடுத்தால் போதுமா?

கேள்வி: "தம்பிக்கு 34 வயது, திருச்சியில் இருக்கிறான். ஐந்தாறு மாதமாக எதிலும் பிடிப்பில்லாமல் இருக்கிறான். டாக்டரிடம் வர மாட்டேன் என்கிறான். மனச்சோர்வுக்கென்று வரும் ஆப், ஆன்லைன் கோர்ஸ் எல்லாம் உண்மையிலேயே உதவுமா? போனில் போட்டுக் கொடுத்துவிடலாமா?"

உதவும். எனக்கு உதவியது. ஆனால் போட்டுக் கொடுத்துவிட்டு நீங்கள் ஒதுங்கிக்கொண்டால் பெரும்பாலும் உதவாது. இரண்டு விதத்தையும் நான் அனுபவித்திருக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் மெல்போர்னில் ஒரு கிடங்கில் கணக்கு வேலை பார்க்கிறேன். அப்பா இறந்து, ஊரில் காரியமெல்லாம் முடித்துத் திரும்பி வந்த பிறகுதான் ஆரம்பித்தது. அழுகை வரவில்லை. அசதி. விடிகாலை நாலு மணிக்கு விழிப்பு வந்துவிடும், ஏழு மணி வரை கூரையைப் பார்த்தபடி கிடப்பேன். மனைவி கேட்டால் "உடம்பு சரியில்லை" என்பேன். நம்மில் பல ஆண்கள் இப்படித்தான் சொல்வோம். மனசு சரியில்லை என்று வாயில் வராது. உங்கள் தம்பியும் அப்படித்தான் இருப்பார் என்று நினைக்கிறேன்.

முதலில் நானாகவே ஒரு ஆப்பை இறக்கிக்கொண்டேன். முதல் பாடம் முடித்தேன், இரண்டாவதில் பாதி. அதற்கு மேல் போகவில்லை. தினமும் காலையில் நினைவூட்டல் வரும். நாள் ஆக ஆக, "இதைக்கூட உன்னால் முடிக்க முடியவில்லையா" என்று அது கேட்பது போலவே இருந்தது. ஒரு நாள் அழித்துவிட்டேன்.

பின்னால் படித்தபோதுதான், இது என் ஒருவன் கதை இல்லை என்று தெரிந்தது. இங்கிலாந்தில் மனச்சோர்வுக்காகக் குடும்ப மருத்துவரிடம் வந்த 691 பேரை வைத்து ஒரு பெரிய ஆய்வு செய்தார்கள், முடிவு 2015ல் வந்தது. சிலருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மற்றவர்களுக்கு அதோடு 'பீட்டிங் த ப்ளூஸ்' அல்லது 'மூட்ஜிம்' என்ற கணினிப் பாடத்தையும் கொடுத்தார்கள். மூட்ஜிம் ஆஸ்திரேலிய தேசியப் பல்கலைக்கழகத்தில் உருவானது, 2001லிருந்து இருக்கிறது, நல்ல பாடம்தான். ஆனாலும் நான்கு மாதம் கழித்துப் பார்த்தால் பாடம் சேர்த்துக் கொடுத்தவர்களுக்குக் கூடுதல் பலன் இல்லை. காரணம் தெளிவாகத் தெரிந்தது: பெரும்பாலானவர்கள் ஒன்றிரண்டு பாடங்களைத் தாண்டவே இல்லை. மனச்சோர்வு முதலில் பிடுங்கிக்கொள்வதே ஒன்றைத் தொடங்கி முடிக்கும் தெம்பைத்தான். அந்த ஆளிடமே "நீயாகப் படித்து முடி" என்றால் எப்படி?

2021ல் 39 ஆய்வுகளில் கலந்துகொண்ட 9,751 பேரின் விவரங்களை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தார்கள். சோர்வு லேசாக இருந்தவர்களுக்கு, தானாகப் படித்தாலும் ஒருவர் வழிநடத்தினாலும் பெரிய வித்தியாசம் இல்லை. நடுத்தரத்துக்கு மேல் போனவர்களுக்கோ, கூட ஒரு ஆள் இருந்தபோதுதான் பலன் நன்றாக இருந்தது.

எனக்கு அந்த ஆள் கிடைத்தார். குடும்ப மருத்துவர் 'மைண்ட்ஸ்பாட்' பற்றிச் சொன்னார். மக்குவாரி பல்கலைக்கழகத்தில் 2012 கடைசியில் தொடங்கிய இணைய வழி மனநலச் சேவை, அரசாங்கப் பணத்தில் நடக்கிறது. எட்டு வாரத்தில் ஐந்து பாடம், வாரம் ஒரு முறை ஒரு உளவியல் ஆலோசகர் போனில் பேசுவார். சேரும்போது பிஎச்கியூ-9 என்ற ஒன்பது கேள்வித் தாளை நிரப்பச் சொன்னார்கள். கடந்த இரண்டு வாரம் தூக்கம் எப்படி, பசி எப்படி, எதிலாவது ஆர்வம் இருந்ததா என்று கேட்கும். மொத்தம் 27 மதிப்பெண். எனக்கு 16 வந்தது. பத்து வந்தாலே கவனிக்க வேண்டும்.

பாடம் என்று பெரிதாக ஒன்றும் இல்லை. சிபிடி என்ற பேச்சு சிகிச்சையைத்தான் படமும் கதையுமாகப் பிரித்துத் தருகிறார்கள். மனதில் ஓடும் எண்ணம், உடம்பின் அசதி, நாம் செய்வதும் செய்யாமல் விடுவதும், இந்த மூன்றும் ஒன்றையொன்று எப்படி இழுத்துவிடுகின்றன என்று காட்டுவார்கள். பிறகு எண்ணத்தை எழுதிப் பார்க்கச் சொல்வார்கள். நான் அங்கேதான் மாட்டிக்கொண்டேன். பாடம் ஆங்கிலத்தில் இருந்ததால் நானும் ஆங்கிலத்திலேயே எழுதினேன். "நான் பிரயோஜனமில்லாதவன்" என்ற மாதிரி ஏதோ எழுதினேன். யாரோ எழுதியது போல இருந்தது, எனக்கு உறைக்கவே இல்லை. ஆலோசகரிடம் சொன்னபோது, "உங்கள் தலைக்குள் அது எந்த மொழியில் கேட்கிறது?" என்று கேட்டார். அன்று ராத்திரி தமிழில் எழுதினேன்: "கடைசி நேரத்தில் பக்கத்தில் இல்லாத பிள்ளை என்ன பிள்ளை."

அதை எழுதிய பிறகுதான் அழுகை வந்தது.

அடுத்த வாரம் அந்த வரிக்கு ஆதரவாக என்ன இருக்கிறது, எதிராக என்ன இருக்கிறது என்று இரண்டு பக்கமும் எழுதச் சொன்னார். ஆதரவாக ஒன்றே ஒன்று: விமானம் இறங்குவதற்குள் உயிர் போய்விட்டது. எதிராக எழுத எழுத வந்தது. அப்பாவின் கண் ஆபரேஷனுக்கு மூன்று வாரம் லீவு போட்டுப் போய்க் கூட இருந்தது, பதினோரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் தவறாமல் பேசியது. துக்கம் போகவில்லை. அந்த வரி மட்டும் பழைய பலத்தோடு திரும்பி வரவில்லை.

இன்னொரு பாடம் செயல் பற்றியது. மனசு வந்த பிறகு செய்யலாம் என்று காத்திருக்காமல், சின்னதாக ஒன்றைச் செய்துவிட வேண்டும். நான் எடுத்துக்கொண்டது இரண்டுதான். வேலை முடிந்து ஒரு ஸ்டேஷன் தள்ளி இறங்கி நடப்பது. அப்பாவிடம் பேசிய அதே ஞாயிறு நேரத்தில் அம்மாவைக் கூப்பிடுவது. அப்பா போன பிறகு அந்த நேரத்தில் போனையே தொடாமல் இருந்திருக்கிறேன்.

நடுவில் இரண்டு வாரம் ஒன்றுமே செய்யவில்லை. ஆலோசகர் போன் செய்தார், திட்டவில்லை. "சரி, இந்த வாரம் முடியக்கூடிய ஆகச் சின்ன விஷயம் எது?" என்று மட்டும் கேட்டார். அந்தப் போன் வராமல் இருந்திருந்தால் இதையும் விட்டிருப்பேன். எட்டு வாரம் முடிந்தபோது மதிப்பெண் 8, மூன்று மாதம் கழித்து 6. தூக்கம் வந்துவிட்டது.

சரி, உங்கள் தம்பிக்கு வருகிறேன்.

மனநல டாக்டர் என்றால் வர மாட்டார், ரத்தப் பரிசோதனை என்றால் வருவார். தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு இவற்றாலும் இதே அசதி வரும். முதலில் அதைப் பார்த்துவிடுங்கள். அப்புறம் டெலி மனாஸ் என்ற மனநலத் தொலைபேசி உதவி, எண் 14416. மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. 24 மணி நேரமும் இலவசம், தமிழில் பேசலாம், தேவைப்பட்டால் மனநல மருத்துவரோடு இணைத்தும் விடுவார்கள். வீட்டு மொட்டை மாடியில் நின்றே பேசிவிடலாம், யாரும் பார்க்கப் போவதில்லை. வர மாட்டேன் என்பவருக்கு இது பெரிய வசதி.

ஆப்போ கோர்ஸோ எடுத்தால், எனக்கு ஆலோசகர் செய்ததில் ஒரு பகுதியையாவது நீங்கள் செய்ய வேண்டும். வாரத்தில் ஒரு நாள், ஒரே நேரம். "சரியாயிடுச்சா?" என்று கேட்காதீர்கள். "எந்தப் பாடத்தில் இருக்கே, இந்த வாரம் என்ன பண்ணப் போறே?" என்று கேளுங்கள். அவர் எழுதியதை நீங்கள் படிக்கக் கூடாது. பணம் கட்டும் சேவை என்றால், நம் தகவலை யாருக்குக் கொடுக்கிறார்கள் என்று பார்த்துவிட்டுச் சேருங்கள். பயனர்களின் தகவலை விளம்பரத்துக்காகப் பகிர்ந்த புகாரில், இணையத்தில் மன ஆலோசனை தரும் 'பெட்டர்ஹெல்ப்' நிறுவனம் 2023ல் அமெரிக்காவில் 78 லட்சம் டாலர் கட்ட ஒப்புக்கொண்டது.

ஆப் போதாத இடங்களும் உண்டு. அந்தப் பிஎச்கியூ-9 தாளின் ஒன்பதாவது கேள்வி, செத்துவிட்டால் நல்லது என்ற எண்ணம் வருகிறதா என்பது. அதை நேராகவே கேளுங்கள். கேட்பதால் இல்லாத எண்ணம் புதிதாக வந்துவிடாது. ஆமாம் என்றால் அன்றைக்கே மருத்துவமனைக்குக் கூட்டிப் போங்கள், அது முடியாவிட்டால் உடனே 14416க்குப் பேசுங்கள். இதைப் படிக்கும் இலங்கை நண்பர்களுக்கு 1926, ஆஸ்திரேலியாவில் 13 11 14. முன்பு எப்போதாவது தூக்கமே இல்லாமல் நாள்கணக்கில் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் இருந்திருந்தாலும், காதில் குரல் கேட்கிறது என்றாலும் மனநல மருத்துவர்தான் பார்க்க வேண்டும். ஏற்கெனவே மாத்திரை சாப்பிடுபவர் கோர்ஸை நம்பி அதை நிறுத்தக் கூடாது.

பிஎச்கியூ-9 தமிழிலேயே இலவசமாகக் கிடைக்கிறது. இந்த ஞாயிற்றுக்கிழமை இரண்டு பிரதி எடுத்துக்கொண்டு போங்கள். ஒன்றை அவர் நிரப்பட்டும். பக்கத்தில் உட்கார்ந்து இன்னொன்றை நீங்கள் உங்களுக்காக நிரப்புங்கள்.